பட்டாம்பூச்சிக்குப் பத்துக் கிலோ

கலீம் மாமா பேச்சு மூச்சில்லாமல் நின்ற அந்த நிமிடத்தில், சிங்காரத்தோப்புக் கடைவீதியில் ஒரு ஆட்டோகூட ஹாரன் அடிக்கவில்லை. அவ்வளவு பெரிய அதிர்ச்சி.

நடந்தது இதுதான். கேமரா கடைக்காரர் நவ்ஷாத் ஒரு கேமராவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அதில் ஏற்கெனவே ஒரு சின்ன லென்ஸ் இருந்தது. பக்கத்தில் ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு மெமரி கார்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பெல்ட். வைத்துவிட்டு, "முதல் தடவை போட்டோ எடுக்கிற பிள்ளைக்கு இது போதும்ங்க" என்றார்.

"போதுமா?" மாமாவுக்குக் குரல் திரும்பி வந்தது. "பிள்ளை வெளியூர் போகுதுங்க! போதும்ங்கறீங்க?"

"எந்த ஊருக்குங்க?"

"ஸ்ரீரங்கத்துக்கு."

இப்போது நவ்ஷாத்துக்குப் பேச்சு மூச்சில்லை. அவர்கள் வீடு பாலக்கரையில். அங்கே டவுன் பஸ்ஸில் ஏறி ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டால், அது கரைவதற்குள் ஸ்ரீரங்கம் வந்துவிடும்.

சம்ரீன் மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத்தானே போறோம். சாயங்காலம் வந்துடுவோம்."

"அதனால என்னம்மா? ஆத்தைத் தாண்டறோமா இல்லையா? தாண்டினா அது பயணம்."

மாமாவைச் சொல்லியும் குற்றமில்லை. பல வருடங்கள் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பயணம் விமானப் பயணம். எந்தப் பெட்டிக்கு எத்தனை கிலோ, கைப்பையில் கத்தரிக்கோல் கூடாது, கயிறு கட்டி அனுப்பும் பெட்டியில் பேட்டரி கூடாது என்று எல்லா விதிகளும் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில்கூடச் சொல்வார். சில நாள் அரபியிலும் சொல்வார்.

கேமரா வாங்கித் தருகிறேன் என்று அவர் சம்ரீனுக்கு ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தகவல் எப்படியோ அவள் வகுப்புத் தோழி ஃபெமினா காதுக்குப் போய்விட்டது. அதனால், "சுற்றுலாவுக்கு யார் போட்டோ எடுக்கறீங்க?" என்று ஆறாம் வகுப்பில் ஆஸ்டின் சார் கேட்டபோது, ஃபெமினா கையைத் தூக்கினாள். தன் கையை அல்ல, சம்ரீனின் கையை.

சம்ரீனுக்கு அது பயமாக இல்லை. அவளுடைய கவலை வேறு. அந்தக் கவலையின் பெயர் வைஷ்ணவி.

வைஷ்ணவி அவளுக்கு அடுத்த இடத்தில் உட்காருகிறவள். வீடு ஸ்ரீரங்கத்தில். சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. சம்ரீன் பார்க்கப் போயிருந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உனக்கு நிறைய போட்டோ எடுத்துட்டு வரேன்" என்றாள் சம்ரீன்.

"வேண்டாம். எல்லாப் போட்டோவுலயும் பட்டாம்பூச்சியோட ரெக்கையத்தான் எடுக்கறாங்க. யாராச்சும் மூஞ்சிய எடுக்கறாங்களா?"

சம்ரீன் யோசித்தாள். உண்மைதான். எந்தக் காலண்டரிலும் பட்டாம்பூச்சிக்கு முகமே இல்லை.

"நேருக்கு நேரா அது என்னைப் பாக்கணும். அங்க போனா குப்புறப் படுத்தாவது பாத்துடலாம்னு இருந்தேன்." வைஷ்ணவி போர்வையை இழுத்துக்கொண்டாள். "பரவால்ல விடு. நீங்கள்லாம் விளையாட்டுல மறந்துடுவீங்க."

"மறக்க மாட்டேன். உன்னைப் பாக்கற மாதிரி ஒண்ணு. கண்டிப்பா."

சொல்லிவிட்டு வந்ததிலிருந்து சம்ரீனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது கடையிலும் அதைத்தான் கேட்டாள்.

"அங்கிள், பட்டாம்பூச்சியோட மூஞ்சிய எடுக்கணும்னா?"

நவ்ஷாத் கேமராவின் தலையில் இருந்த வட்டத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் குட்டியாக ஒரு பூப்படம். "இதுல வெச்சுட்டு, இந்தச் சின்ன லென்ஸோட கிட்டப் போம்மா. நல்லாக் கிட்ட. கையை மட்டும் ஆட்டாத."

"அந்தப் பெரிய லென்ஸ் என்ன விலைங்க?" என்று குறுக்கே வந்தார் மாமா.

"அது தூரத்துல இருக்கறத எடுக்கறதுக்குங்க. கல்யாணத்துக்கு எடுக்கறவங்க வாடகைக்குக் கொண்டு போவாங்க."

"வாடகைக்குக் குடுங்க."

அந்த லென்ஸ் ஒரு சுரைக்காய் நீளம். அதன் வழியாகப் பார்த்தால் நிலாவில் யாராவது துணி காயப்போட்டிருந்தால் கிளிப் வரைக்கும் தெரியும். மாமா அத்தோடு விடவில்லை. ஒரு டிரைபாட், ஒரு ஃபிளாஷ், தூசி தட்ட ஒரு பிரஷ், மழைக்கு ஒரு உறை. அப்போது மழைக்காலம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து டிரைபாடை விரித்தார்கள். ஒரு கால் சமையலறைக்குள் போனது, ஒரு கால் மாடிப்படியில் ஏறியது, மூன்றாவது கால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்து டிவியை நிறுத்தியது. ஃபிளாஷை ஒரு தடவை அடித்துப் பார்த்தார்கள். எதிர் வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவியது. அப்போது சாயங்காலம். வெட்கத்தில் அந்தச் சேவல் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

பிறகு மாமா ஆஸ்டின் சாருக்குப் போன் செய்தார்.

"சார், ஒரு பிள்ளைக்கு எத்தனை கிலோ அலவ் பண்றீங்க?"

"கிலோவா?" சார் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு சார் சிரித்துக்கொண்டே, "பத்துக் கிலோவுக்கு மேல வேண்டாம்ங்க" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அயல்நாட்டிலிருந்து வருகிற யாரிடமும் கிலோ விஷயத்தில் விளையாடக் கூடாது.

மாமா கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா! மோசம் போயிட்டோம்க்கா!"

சம்ரீனின் அம்மா கமர் ஜஹான் கரண்டியோடு ஓடி வந்தார். "யா அல்லாஹ்! என்னடா ஆச்சு?"

"பை நாலு கிலோதான் இருக்கு. பத்துக் கிலோ குடுத்திருக்காங்க. ஆறு கிலோ சும்மா போகுதுக்கா!"

"போகட்டும்டா!"

"எப்படிப் போகட்டும்ங்கறீங்க? குடுத்த கிலோவ யாராச்சும் விடுவாங்களா?"

அதற்குமேல் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. சாமான்களையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்கு மாற்றினார். ஷார்ஜாவிலிருந்து கொண்டு வந்த பெரிய சதுரப் பேரீச்சம்பழ டின் உள்ளே போனது. இரண்டு பாட்டில் ஷாம்பு போனது. ஒரு இஸ்திரிப் பெட்டிகூடப் போனது. தராசு முள் பத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று அடம் பிடித்தபோது, கழுத்தில் கிடந்த தன் துண்டை எடுத்துக் கேமராவுக்குச் சுற்றினார். அன்று காலையிலிருந்து அவர் வியர்வை முழுவதையும் குடித்திருந்த துண்டு அது. முள் சரியாகப் பத்தில் வந்து நின்றது.

பிறகு பழுப்பு டேப் சுற்றினார், அதற்கு மேல் கயிறு கட்டினார். முடிச்சுக்கு மேல் முடிச்சு. ஆறு பக்கமும் பெரிய எழுத்தில் 'சம்ரீன், திருச்சி டூ மேலூர்' என்று எழுதினார்.

"மாமா, இதை அங்க எப்படிப் பிரிக்கறது? கத்தரிக்கோல் வேணுமே?"

மாமா ஆடிப்போய்விட்டார். "கத்தரிக்கோலா? கைப்பையிலயா? புடிச்சுக்குவாங்கம்மா!"

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரு அம்மாவோ அப்பாவோ கொண்டு வந்து விட்டார்கள். சம்ரீனை வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வெளிநாட்டுக்கு யாராவது கிளம்பினால் ஏர்போர்ட்டுக்குப் போவது போலவே எல்லோரும் புதுச் சட்டை. ஒரு பெரியம்மா அழவே தொடங்கிவிட்டார்.

"போனதும் போன் பண்ணும்மா!" என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்கிட்ட போன் இல்ல மாமா."

"அப்ப வந்ததும் சொல்லு."

பெட்டியைப் பஸ்ஸின் பின்பக்க டிக்கியில் இறக்கினார்கள். பஸ்ஸின் முன்பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது. டிரைவருக்கு ரோடு தெரியவில்லை, மலைக்கோட்டை உச்சி மட்டும்தான் தெரிந்தது. ஆஸ்டின் சார் பிள்ளைகளையெல்லாம் முன் சீட்டுகளில் நெருக்கி உட்கார வைத்த பிறகுதான் பஸ் தரைக்கு வந்தது.

பூங்காவில் ஒரு மரத்தடியில் பெட்டியை வைத்தார்கள். வகுப்பே சுற்றி நின்றது.

"சம்ரீன், இதுக்குள்ள என்ன இருக்கு? உங்க வீடா?" என்றாள் ஃபெமினா.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். அது இன்னும் இறுகியது. டேப்பின் நுனியைத் தேடினார்கள். அப்படி ஒன்று அதற்கு இருந்ததாகவே தெரியவில்லை. கடைசியில் டிரைவர் அண்ணனின் பஸ் சாவியை வாங்கி அறுத்து அறுத்துத் திறந்தபோது, எல்லோருக்கும் முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. கேமராவைச் சுற்றியிருந்த துண்டிலேயே ஆளாளுக்கு முகத்தைத் துடைத்து அதைப் புல்லில் வீசினார்கள்.

ஷாம்பு வெளியே வந்தது. இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது. ஆஸ்டின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இஸ்திரிப் பெட்டிதான்.

"இது எதுக்கும்மா?"

"பத்துக் கிலோவுக்கு சார். நீங்கதானே சார் சொன்னீங்க?"

சார் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

சம்ரீன் கேமராவை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். திருப்பி அடியில் இருந்த குட்டிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே காலி.

"பேட்டரி இல்ல!"

வகுப்பு மொத்தமும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. பக்கத்துச் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். பிரஷ் இருந்தது, மழை உறை இருந்தது, சார்ஜர்கூட இருந்தது. பேட்டரி மட்டும் இல்லை.

"போனாப் போகுதும்மா, என் போன்ல எடுப்போம்" என்று சார் ஒரு படம் எடுத்தார். பட்டாம்பூச்சி ஒரு மிளகு போல விழுந்திருந்தது. மிளகுக்கு முகம் கிடையாது.

சம்ரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வைஷ்ணவி ஞாபகத்துக்கு வந்தாள். 'பரவால்ல விடு' என்று சொன்ன அந்தக் குரல்.

"உங்க மாமா மறந்துட்டாரு" என்றாள் ஃபெமினா.

"இல்ல. மாமா இஸ்திரிப் பெட்டியவே மறக்கல. பேட்டரிய எப்படி மறப்பாரு?"

சம்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். தன் மூளையால் யோசித்தால் இது கிடைக்காது, மாமாவின் மூளையால்தான் யோசிக்க வேண்டும். கயிறு கட்டின பெட்டியில் பேட்டரி கூடாது. அப்படியென்றால் அது கூடவே வரும் கைப்பையில்தான் வர வேண்டும். அவளுடைய கைப்பை எது?

தோளைப் பார்த்தாள். காலையிலிருந்து அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது சாப்பாட்டுப் பை.

தேங்காய்ச் சோற்று டப்பாவுக்கு அடியில் அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு பொட்டலங்கள். ஒன்று கட்லெட். இன்னொன்றைப் பிரித்தாள். பேட்டரி!

"அடக் கடவுளே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் ஃபெமினா. "அதையும் கட்லெட்னு நெனச்சு நான் அப்போலேர்ந்து கண் வெச்சிருந்தேன்!"

கேமராவுக்கு உயிர் வந்தது. ஆனால் படம் வரவில்லை.

சுரைக்காய் லென்ஸை மாட்டிப் பார்த்தாள். கிட்ட இருந்த பட்டாம்பூச்சி பாயசத்தில் விழுந்தது போலக் கலங்கித் தெரிந்தது. டிரைபாடில் வைத்தாள். எவ்வளவு தாழ்த்தியும், பூ கீழே இருந்தது, கேமரா மேலே இருந்தது. நிழலாக இருக்கிறதே என்று ஃபிளாஷை அடித்தாள். அவ்வளவுதான். பூங்காவில் இருந்த அத்தனை பட்டாம்பூச்சிகளும் கிளம்பிக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அங்கே வயலில் நின்றவர்கள் ஏதோ வண்ண மழை என்று குடையை விரித்ததாகக் கேள்வி.

"கிளம்பற நேரம் ஆச்சு பிள்ளைங்களா!" என்றார் ஆஸ்டின் சார்.

சம்ரீன் பெட்டியில் சாமான்களைத் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். டிரைபாட், ஃபிளாஷ், சுரைக்காய். கடைசியாகத் துண்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சிலையாகிவிட்டாள்.

துண்டின்மேல், திரும்பி வந்த ஒரு பட்டாம்பூச்சி. கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்டது. வியர்வையின் உப்பு ஈரத்தில் காலை ஊன்றி, சுருண்டிருந்த நாக்கை நீட்டி, கலீம் மாமாவின் ஒரு நாள் உழைப்பை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அது பாயசம்.

"ஃபெமினா," உதடு அசையாமல் சொன்னாள் சம்ரீன், "அந்தப் பேரீச்சம்பழ டின்னை எடு. மெதுவா."

சின்ன லென்ஸை மாட்டினாள். வட்டத்தைப் பூப்படத்துக்குத் திருப்பினாள். புல்லில் குப்புறப் படுத்தாள். டின்னைப் படுக்கப் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்தாள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. பட்டாம்பூச்சியின் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

வகுப்பு மொத்தமும் துண்டுக்கு அந்தப் பக்கம் கூடி நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் ஃபெமினாகூட இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சம்ரீன் காத்திருந்தாள். கையில் எறும்பு ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள்.

பட்டாம்பூச்சி குடித்து முடித்தது. நாக்கைச் சுருட்டியது. பிறகு, யார் அது என்று கேட்பது போல மெல்லத் திரும்பியது.

கிளிக்.

திரும்பும் வழியில் வைஷ்ணவி வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்த வேண்டும் என்று சம்ரீன் கேட்பதற்கு முன்பே, ஆஸ்டின் சார் டிரைவரிடம் சொல்லியிருந்தார்.

வைஷ்ணவி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். சம்ரீன் கேமராவை அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நீட்டினாள்.

வைஷ்ணவி பார்த்தாள். படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

இரண்டு பெரிய உருண்டைக் கண்கள். நடுவில் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட நாக்கு. தலையில் இரண்டு குச்சிகள். நேராக அவளைத்தான் பார்த்தது.

"ஐயோ! என்னையே முறைக்குது!" என்று கத்தினாள். பிறகு படத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "பின்னாடி என்னடி இது, மங்கலா?"

பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஆறாம் வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நடுவில் ஆஸ்டின் சார். அவர் வாய்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் திறந்திருந்தது.

வைஷ்ணவி சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டில் ஒரு விரிசல் விழுந்தது. டாக்டர் மறுபடி கட்டுப்போட வேண்டியதாயிற்று. ஆனால் அதற்கு அவள் அழவில்லை.

வீட்டில் கலீம் மாமா தராசோடு காத்திருந்தார். பெட்டியைத் தொங்கவிட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"அக்கா! போகும்போது பத்து. வரும்போது எட்டுக்கூட இல்ல!"

"பேரீச்சம்பழத்தை பஸ்ஸுல எல்லாரும் சாப்பிட்டுட்டோம் மாமா."

"சாப்பிட்டது சரிம்மா. அந்த இடத்துல வேற ஏதாச்சும் வெச்சுக் கொண்டாந்திருக்கலாமே? திரும்பி வர்ற கிலோவை வீணாக்கிட்டியே!"

சம்ரீன் சிரித்துக்கொண்டே படத்தைக் காட்டினாள். மாமா உற்றுப் பார்த்தார். பட்டாம்பூச்சியை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"இது என் துண்டாச்சே!"

"ஆமா மாமா. நீங்க வெச்ச துண்டும் டின்னும் இல்லன்னா இந்தப் போட்டோவே இல்ல."

மாமாவுக்கு இரண்டாவது முறையாகப் பேச்சு மூச்சு நின்றது. அப்போது பார்த்து கமர் ஜஹான் அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு சோப்பு வாளிப் பக்கம் நடந்தார்.

"அக்கா!" மாமா பாய்ந்து போய்ப் பிடுங்கினார். "இதைத் துவைக்கக் கூடாது! இது கேமரா சாமான்!"

மாவுக்கட்டைப் பிரித்ததும் வைஷ்ணவியும் சம்ரீனும் ஒரு தடவை மேலூருக்குப் போய் வந்தார்கள். ஒரு சின்னப் பைதான். அதில் கேமரா, பேட்டரி, மெமரி கார்டு, அந்தத் துண்டு.

துண்டை இன்றுவரை துவைக்கவில்லை. பாலக்கரையில் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். பட்டாம்பூச்சிகள் மட்டும் ஜன்னலில் வரிசையாக நின்று கதவைத் தட்டுகின்றன.